எழுபது வளைவும் தம்பியின் மோதிர விரலும்

எழுபது கொண்டை ஊசி வளைவு என்று சொல்லி என்னைப் பயமுறுத்தப் பார்த்தார்கள். மலேசியாவில் கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இருபது வருஷம் லாரி ஓட்டியவன் நான். என்னிடம் போய் வளைவைப் பற்றிப் பேசலாமா? காரெல்லாம் வேண்டாம், பஸ்ஸிலேயே ஏறுவோம், அப்போதுதான் ஊரும் ஜனமும் தெரியும் என்று தம்பியிடம் சொன்னேன். கொல்லிமலைப் பயணத்தில் நான் எடுத்த முதல் முடிவு அது. அதனால் என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் எனக்கு வாத்தியார் கித்தா மரம்தான், ரப்பரை நாங்கள் கித்தா என்போம். பன்னிரண்டு வயதில் பால் வாளி தூக்கினேன், பதினெட்டில் லாரிக் கிளீனர், இன்றைக்கு என் பெயர் எழுதிய லாரிகள் மலேசியாவின் எல்லாச் சடக்கிலும் ஓடுகின்றன. இங்கிலீஷில் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அந்தக் கையெழுத்துக்காக இங்கிலீஷ் படித்தவர்கள் ஆறு பேர் என் மேசைக்கு முன்னால் நிற்கிறார்கள்.

தம்பி தனபால் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். கிட்டார் வாசிப்பவன். பாட மாட்டான், பாடகனையும் வைத்துக்கொள்ள மாட்டான். கிட்டார் மட்டும்தான். ஸ்பெயின் தேசத்தின் தெற்குப் பக்கம் நாடோடி ஜனங்கள் வளர்த்த ஃபிளமெங்கோ என்ற வாசிப்பை இரண்டு வருஷம் அங்கேயே தங்கிக் கற்றுக்கொண்டு, அதை நம் உறுமி, தப்பின் தாளத்தோடு கலந்து தனக்கென்று ஒரு பாணி உண்டாக்கினான். விரல்களை விசிறி மாதிரி விரித்துக் கம்பிகளின் மேல் அறைவான். கிட்டாரின் வயிற்றில் தட்டுவான். கேட்டால் நான்கு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும். முதல் கிட்டார் என் முதல் லாரியை விற்று நான் வாங்கிக் கொடுத்தது. ஸ்பெயினுக்கு அனுப்பியதும் நான்தான். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். சொன்னால் என்ன, உண்மைதானே.

திரும்பி வந்தபின் பன்னிரண்டு வருஷம் ஓட்டல்களில் சாப்பிடுகிறவர்களுக்கு முன்னால் வாசித்தான். பிறகு இசைத்தட்டுகள் வந்தன. ஜப்பான், ஆஸ்திரேலியா என்று மேடைகள் வந்தன. அவன் வாசிப்பில் ஒன்றை விமானம் தரையிறங்கும்போது போட்டார்கள். இன்னொன்றை ஒரு பேங்கின் டெலிபோனில் காத்திருக்கும்போது போட்டார்கள். நாட்டில் பாதிப் பேர் அவன் இசையைக் கேட்டிருக்கிறார்கள். கடைத்தெருவில் அவனைப் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அது கோபம். அவனுக்கு அது சௌகரியம்.

போன வருஷம் கோலாலம்பூரில் ஒரு பெரிய மண்டபத்தில், எல்லோரும் கேட்டு வாங்குகிற அந்த வேகமான உருப்படியின் நடுவில் அவன் கை நின்றுவிட்டது. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை. சும்மா நின்றது. டாக்டர்கள் ஒன்றும் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு மேடைக்கும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன்.

அப்போதுதான் கொல்லிமலையிலிருந்து ஸ்டெல்லா என்ற நர்ஸம்மாவின் கடிதம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை. பிரசவ அறையில் தம்பியின் இசையைத்தான் போடுகிறாராம். சினிமாப் பாட்டுப் போட்டால் ஒருத்திக்குப் பிடித்தது இன்னொருத்திக்குப் பிடிக்கவில்லை, சாமிப் பாட்டு என்றால் யார் சாமி என்று வருகிறது, வார்த்தை இல்லாத இசையில் சண்டை இல்லை என்று எழுதியிருந்தார். ஒருமுறை இங்கே வந்து வாசிப்பீர்களா என்றும் கேட்டிருந்தார். தம்பி கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, போகலாம் அண்ணே என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். அங்கே வாசித்துவிட்டால் பிழைத்துக்கொள்வான், அங்கேயும் கை நின்றுவிட்டால் கிட்டார் பெட்டியைப் பூட்டிவிடுவான். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

முதல் நாள், வெள்ளிக்கிழமை. நாமக்கல்லில் இட்லி சாப்பிட்டுப் பசியாறினோம். அந்தச் சாம்பாரில் போட்ட சின்ன வெங்காயத்துக்கே ஒரு விமான டிக்கெட் தகும். பஸ் பழைய பஸ். ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றி, மறு கையால் கண்டக்டரிடம் முறுக்கு வாங்கித் தின்றார். அந்த ஆளை என் கம்பெனிக்கு அப்படியே கூட்டிப்போகலாம். முப்பதாவது வளைவுக்குமேல் பின்சீட்டில் ஓர் அம்மாள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். எனக்கு ஒன்றும் இல்லை. தம்பி ஜன்னலோரம், கால்களுக்கு நடுவே கிட்டார் பெட்டி. வலது கையை ஜன்னல் விளிம்பில் வைத்துக் காற்று வாங்கிக்கொண்டிருந்தான்.

நாற்பத்தைந்தாவது வளைவில் கோடை மழை அடித்தது. பஸ் முழுக்கப் படபடவென்று ஷட்டர்களைச் சாத்தினார்கள். எங்கள் ஊர்ப் பஸ்களில் எல்லாம் மூடின கண்ணாடிதான். இந்தத் தகர ஷட்டரை நான் கண்டதில்லை. இரண்டு பக்கமும் இருக்கிற கொக்கியை ஒருசேர அமுக்கிக்கொண்டு மெதுவாகக் கீழே இறக்க வேண்டுமாம். "பாத்துச் சாத்துங்க பெரியவரே" என்று கண்டக்டர் சொன்னார். லாரியையே கழற்றி மாட்டினவனுக்கு இது பெரிய வேலையா என்று சொல்லிக்கொண்டே தம்பிக்கு மேலாக எட்டி இரண்டு கொக்கியையும் அமுக்கினேன். ஷட்டர் வெட்டுக்கத்தி மாதிரி விழுந்தது.

தம்பி கத்தவில்லை. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். மோதிர விரலின் நகம் பாதிக்குமேல் பிய்ந்து தொங்கியது.

உங்களுக்கு நகம்தானே என்று தோன்றும். கிட்டார் வாசிப்பவனுக்கு வலது கை நகம்தான் எல்லாம். தம்பி அதை அரத்தால் தேய்த்து, எண்ணெய் தடவி, பிள்ளை மாதிரி வளர்ப்பான். அவன் வீட்டில் பாத்திரம் கழுவியதில்லை, டின் திறந்ததில்லை. அந்தத் துரிதமான வாசிப்பெல்லாம் மோதிர விரல் நகத்தில்தான் நிற்கிறது. மீதி இருந்த இருபத்தைந்து வளைவையும் நான் எண்ணவில்லை.

மலைமேல் செம்மேட்டில் நர்ஸம்மா குடையோடு நின்றிருந்தார். எங்களுக்கு வணக்கம் சொல்லக் கை கூப்பியவர், ரத்தத்தைப் பார்த்ததும் கூப்பின கையைப் பிரித்து நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார். தொங்கின நகத்தை வெட்டிக் கட்டுப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஏற்பாடு, குண்டூர் நாடு, திருப்புலி நாடு என்று மலை ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் வருகிறது, தள்ளி வைக்கட்டுமா என்று கேட்டார். தம்பி வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன், தள்ளி வைக்க வேண்டாம், வாசிப்பான் என்று. தம்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

அரியூர் நாட்டில் சடையன் என்ற விவசாயியின் வீட்டில் தங்க ஏற்பாடு. ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, மிளகும் மரவள்ளியும் சாமையும் போடுகிறவர். அவருடைய கடைசி மகள் பிறந்தது நர்ஸம்மா கையில். "இது உங்க ஊடு மாதிரி நெனச்சுக்கோங்க சாமி" என்று பாயை விரித்தார்.

இரண்டாம் நாள் காலையில் சூப் வந்தது. ஒரு வாய் குடித்தேன், அருமையான ஆட்டுக்கால் சூப். சனிக்கிழமை எனக்குக் கவிச்சி ஆகாது, ஆனாலும் விருந்தாளியாகப் போன இடத்தில் மறுக்கக் கூடாது என்று சொல்லிக் குடித்து முடித்தேன். சடையன் அது ஆடு இல்லை, கிழங்கு என்றார். எழுபத்திரண்டு வருஷம் ஆட்டுக்கால் தின்றவனிடமா என்று நான் விடவில்லை. அவர் எழுந்துபோய்ப் பாறையில் வளர்கிற கிழங்கொன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அசல் ஆட்டுக்கால் மாதிரி, ரோமத்தோடு இருந்தது. "இதுக்குப் பேரே ஆட்டுக்கால் கிழங்குதானுங்க, ஆனா மே மேன்னு கத்தாது" என்றார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினேன்.

மதியம் அவித்த மரவள்ளி, மிளகாய்ச் சட்னி. எங்கள் அப்பா மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் இதை மட்டுமே தின்று உயிர் பிழைத்தவர். அதனாலேயே சாகும்வரை மரவள்ளியை வீட்டுக்குள் விடவில்லை. நாங்களும் தொட்டதில்லை. இங்கே முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன். மாவு மாதிரி கரைந்தது. அப்பா ஒரு நல்ல பொருள்மேல் தப்பான காலத்தில் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

தம்பி சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய பிங்பாங் பந்து வாங்கி, அதை நகத்தின் அளவுக்கு வெட்டிப் பசை போட்டு விரலில் ஒட்டிக்கொண்டிருந்தான். வாசிக்கிறவர்கள் அவசரத்துக்குச் செய்கிற வைத்தியமாம். ஒட்டுவதற்கு அடியில் நகம் இருந்தால்தானே? மூன்று தடவை ஒட்டினான். மூன்று தடவையும் நாலு மீட்டலில் பறந்து போய் விழுந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். பசை நல்ல பசை இல்லை, ஆள் அனுப்பி நாமக்கல்லில் வேறு வாங்கச் சொல்கிறேன், உன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவன் இதற்கு வழி பண்ண மாட்டேனா என்றேன்.

அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான்: "நீங்க வாங்கிக் குடுத்த கிட்டாரு, நீங்க அனுப்பின ஸ்பெயினு, இப்ப நீங்க சாத்துன ஜன்னலு. போதும்ணே."

அறுபது வருஷத்தில் அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பதில் சொல்ல என்னிடம் ஆயிரம் இருந்தது. எழுந்து தோட்டத்துக்குள் நடந்தேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஆள் உயரத்துக்கு மேல் ஏறியிருந்தது. மரத்தைக் கண்டால் எனக்கு உடனே பால் வெட்டக் கத்தி எங்கே வைப்பது என்றுதான் தோன்றும். அன்றைக்கு அதுவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சடையன் வாசலில் சாக்கை விரித்துக் கடைசிப் பறிப்பு மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தார். சரத்தின் காம்பை ஒரு கையில் பிடித்து, மறு கையின் கட்டைவிரலால் ஒரே தள்ளு, மணியெல்லாம் கொட்டும். விரலைத் திருப்பி மேல்நோக்கி ஒரு தள்ளு, ஒட்டியிருந்த மிச்சமும் கொட்டும். நானும் உட்கார்ந்தேன். அஞ்சு விரலாலும் பிடுங்கினேன். சடையன் சிரித்துவிட்டார். கோழி கொத்தின மாதிரி இருக்கிறது என்றார். தம்பியும் வந்து உட்கார்ந்தான், கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக்கொண்டு. அவனிடம் சடையன் சொன்னார்:

"அந்த வெரலு எதுக்குங்க சாமி? கட்டவெரலு ஒண்ணு போதும். கீழ ஒரு தள்ளு, மேல ஒரு தள்ளு. மத்ததெல்லாம் சும்மா வேடிக்கை பாக்கட்டும்."

தம்பி நாலைந்து சரம் உருவினான். கீழே ஒரு தள்ளு, மேலே ஒரு தள்ளு. பிறகு கையில் சரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். மிளகு வாசனையோடு எழுந்துபோய்க் கிட்டாரை எடுத்து வந்தான்.

அவனுடைய ஸ்பெயின் வாத்தியார் ஒரு கொல்லர் வீட்டுக் கிழவர். முதல் ஆறு மாதம் கட்டைவிரலைத் தவிர வேறு விரலைத் தொடவே விடவில்லையாம். கீழே அடித்த கட்டைவிரலையே திருப்பி மேலேயும் அடிப்பது பழைய ஆட்களின் வழி, மற்ற விரல்கள் வந்தது பின்னால்தான் என்பாராம். ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கு அது போதவில்லை, மினுக்கலாகவும் வேகமாகவும் கேட்டார்கள், அதனால் அந்த வழியை விட்டுவிட்டேன் அண்ணே என்றான். முப்பது வருஷத்தில் இதை அவன் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

மதியம்வரை வாசித்துக்கொண்டே இருந்தான். எனக்கு ராகமும் தாளமும் தெரியாது. இஞ்சின் சத்தம் தெரியும். அது பாரம் ஏற்றின வண்டி முதல் கியரில் மேடு ஏறுகிற சத்தம். மெதுவாக, ஆனால் நிற்காமல்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மைதானத்தில் ஜனம் நிறைந்துவிட்டது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அதிகம், அதனால் வெயில் இருக்கும்போதே ஏற்பாடு. பலாமரத்தடியில் ஒரு நாற்காலி, ஒரு மைக். பிள்ளைகளை இடுப்பில் வைத்த பெண்கள் முன்வரிசையில். எல்லாம் நர்ஸம்மா கையில் பிறந்த பிள்ளைகள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பாடுகிறவர் இன்னும் வரவில்லையா என்று கேட்டார். பாட்டு கிடையாது, கிட்டார் மட்டும்தான் என்றேன். அப்போ மைக் எதுக்குங்க என்றார்.

தம்பி உட்கார்ந்தான். முதல் மீட்டல் மீட்டினான். ஜனம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கைதட்டல் இல்லை, ஒரு இருமல் இல்லை. கோலாலம்பூர் மண்டபத்தில் கை நின்றபோதும் இதே அமைதிதான். அவன் கட்டைவிரல் கம்பிக்கு மேலே நின்றதை நான் பார்த்தேன். கை இறங்கவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். எழுந்துபோய் ஏதாவது சொல்லலாமா என்று முட்டியில் கை வைத்தேன். பிறகு, போதும்ணே என்று அவன் சொன்னது நினைவுக்கு வர, அப்படியே உட்கார்ந்தேன்.

அப்போது பின்னாலிருந்து சடையன் கூப்பிட்டார்: "தள்ளு சாமி. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு."

மலைக்காரர்களின் ஆட்டத்தில் அப்படித்தானாம். மேளக்காரன் தயங்கினால் பார்க்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், கூப்பிட்டு உசுப்பிவிடுவார்கள். இன்னொருவர், "அப்படித்தான், தள்ளு" என்றார். சிரிப்பு எழுந்தது. ஸ்பெயினிலும் வாசிக்கிறவனை இப்படித்தான் நடுவில் கூப்பிட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று தம்பி பிறகு சொன்னான். கட்டைவிரல் இறங்கியது.

ஒரு மணி நேரம் வாசித்தான். நாலாவது உருப்படியில் ஆண்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்கள். அது இவனுக்காகப் போட்ட தாளம் இல்லை, அவர்கள் ஆட்டத்தின் தாளம். தம்பி அதற்குள் புகுந்துகொண்டான். கடைசியாக அந்த வேகமான உருப்படியை எடுத்தான், கோலாலம்பூரில் நின்றுபோனதை. கட்டைவிரலால் மட்டும், பாதி வேகத்தில். எனக்கே அது எதுவென்று தெரியச் சற்று நேரமாயிற்று. முன்வரிசையில் ஒரு பெண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது. இது நம்ம ஆஸ்பத்திரிப் பாட்டாச்சே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தம்பியிடம் வந்தாள்.

"ஏனுங்க, வலி எடுத்த அன்னிக்கும் இப்படி வாசிச்சிருக்கலாமுல்ல? அது ஓட ஓட நானும் அது கூடவே ஓடி எனக்கு மூச்சு முட்டிப்போச்சு."

நர்ஸம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். தம்பி அந்தப் பெண்ணைக் கும்பிட்டு, அடுத்த பிரசவத்துக்கு மெதுவாக வாசித்து அனுப்புகிறேன் என்றான். அடுத்ததெல்லாம் இல்லீங்க என்று அவள் ஓடிவிட்டாள். அவன் பல் தெரியச் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது, ஊருக்குப் போனதும் இதை இப்படியே பதிவு செய்ய வேண்டும் என்றான். நகம் வளர எத்தனை மாதம் ஆகும் என்று நான் கேட்டேன். வளரும்போது வளரட்டும் என்று மரவள்ளியை எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை இறங்கினோம். சடையன் ஒரு பை மிளகும் மூன்று ஆட்டுக்கால் கிழங்கும் கொடுத்தார். சுங்கத்தில் பிடிப்பார்கள் என்று தம்பி சொன்னான். எவன் பிடிக்கிறான் பார்க்கிறேன் என்று நான் வாங்கிக்கொண்டேன். நான் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாதவன். அதனால் காரில் போகலாமா என்று மட்டும் கேட்டேன். பஸ்ஸே போதும் என்று தம்பி முன்னால் ஏறினான். இந்தத் தடவையும் அவனே ஜன்னலோரம். நான் இந்தப் பக்கம், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன்.

இருபது வளைவு இறங்கியிருப்போம், மழை பிடித்தது. முன்னாலும் பின்னாலும் ஷட்டர்கள் விழுந்தன. எங்கள் ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. தம்பியின் சட்டை நனைந்தது, கிட்டார் பெட்டியின் மேல் தண்ணீர் தெறித்தது. நான் கையை எடுக்கவில்லை. கண்டக்டரைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன்.

"அண்ணே, நனையுதுல்ல" என்றான். வலது கையை எடுத்து ஜன்னல் விளிம்பிலேயே, போன தடவை வைத்திருந்த அதே இடத்தில் வைத்துக்கொண்டான். "நீங்களே சாத்துங்க."

எழுந்து நின்றேன். முதலில் அவன் கையை எடுத்து அவன் மடியில் வைத்தேன். பிறகு இரண்டு கொக்கியையும் அமுக்கி, கண்ணாடிச் சாமானை இறக்குகிற மாதிரி, விரல் விரலாக அந்த ஷட்டரைக் கீழே கொண்டுவந்தேன். அதற்கு ஒரு முழு வளைவு நேரம் ஆயிற்று. சத்தமே வரவில்லை.